இடது பக்கத்துக் கீறல்கள்

என் அண்ணனுக்குத் தற்பெருமை கிடையாது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை பேருந்து ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் அவர் கையால் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார். தப்பான எண்ணுக்குப் போன் செய்த ஒருவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார், அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். டிப்போவில் வழியனுப்பு விழா வைத்து மேடையில் பேசச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு எதுவும் சொல்வதற்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சில மாதங்கள் அவர் வீட்டில் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. காலையில் எழுந்து ஷேவ் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் வந்து உட்காருவார். அவ்வளவுதான். சாயங்காலம் வரை அதே நாற்காலி. டிவி ஓடும், பார்க்கமாட்டார். பேசினால் பதில் வரும், கேள்வி வராது. அண்ணி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் என்றார். மனசுக்கு மருந்தாக அண்ணிதான் பிடிவாதம் பிடித்து அந்தக் காரை வாங்க வைத்தாள். பழைய கார், அடர் நீலம். அது வந்த அன்றே என் அண்ணன் திரும்பி வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி போகணும், யார் பிள்ளையை ரயிலேற்றணும், எல்லாவற்றுக்கும் இவர்தான். காரை எடுக்கும் முன், டிப்போவில் செய்தது போலவே, துணியும் கையுமாக அதை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்.

"இதுல என் கையால ஒரு கீறல் விழுந்தா அன்னிக்கே சாவியக் கீழ வச்சிடுவேன். அதுக்கப்புறம் நான் வண்டி ஓட்டத் தகுதியில்ல" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"யாரு கேட்டா இப்ப? தட்டப் பாத்து சாப்பிடுங்க" என்றாள் அண்ணி.

அவள் அதை மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்பதால் அண்ணன் என்னை மிளகா என்று கூப்பிடுவார். கூரியர் ஆபீஸில் வேலை, பார்சலை வாங்கி எடை போட்டு ஒட்டித் தரும் கவுண்ட்டர். அண்ணி வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் பருத் தழும்பு இருந்தால், அது இருந்த இடம் பெண்ணைப் பெற்றவளுக்கே தெரியாதபடி செய்துவிடுவாள். கை அப்படி.

போன கோடையில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மதியமே வீடு திரும்பினேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுப் பக்கவாட்டில் காரை நிறுத்தும் இடத்தில் அண்ணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின் கதவின் அடிப்பகுதியில் ஒரு நீளக் கீறல். அதைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், அதில் ஊறிக்கொண்டிருக்கும் நைசான உப்புத்தாள், ஒரு சின்னப் பாட்டிலில் நீலப் பெயிண்ட், அவள் நகத்தில் பூ வரையும் மெல்லிய பிரஷ், முகத்துக்கு வைத்திருக்கும் பஞ்சு உருண்டைகள் என்று ஒரு கடையே விரித்திருந்தாள்.

"என்ன அண்ணி, காருக்குக் கல்யாணமா?" என்றேன்.

அவள் வாயில் விரல் வைத்து ஜன்னலைக் காட்டினாள்.

"கேட்ல உரசிட்டாரு போல. அவருக்கே தெரியல" என்றாள் மெதுவாக. "சொன்னா சாவிய வச்சிடுவாரு. வச்சிட்டா திரும்ப அந்த நாற்காலிதான்."

நான் காய்ச்சலை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாளாம். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். கீறலில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் சிக்காவிட்டால் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். சிக்கினால் பெயிண்ட் வைக்க வேண்டும். மொத்தமாக அப்பக் கூடாது, மெல்லிசாக ஒரு கோடு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. பிறகு கண்ணாடி போன்ற மேல் பூச்சு, அது இறுகியதும் ஈர உப்புத்தாளால் ஒரு தடவல், கடைசியில் பாலிஷ். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயிண்ட் எண் இருக்கிறது. அதைச் சொல்லி வாங்கிவந்த பெயிண்ட் புதுசாகப் பளபளத்ததால், வெயிலில் வெளுத்த பழைய நீலத்தோடு சேராது என்று அதில் சொட்டுச் சொட்டாக வெள்ளையும் சாம்பலும் கலந்து பார்த்திருக்கிறாள். பாட்டில் மூடியில் நிறம் நிறமாகப் பொட்டு வைத்துச் சோதித்தது தெரிந்தது. பிறகு ஹேர் டிரையரை என் கையில் கொடுத்து, கிட்டே கொண்டுபோகாமல் பிடிக்கச் சொன்னாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லி அவர்கிட்ட காட்டிட வேண்டியதுதானே?"

"உங்க அண்ணன் தன்ன ஆனைன்னு நெனச்சாதானே சறுக்கும்? அவரு மலைன்னுல்ல நெனச்சிட்டிருக்காரு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்ததை நினைத்தால் இப்போது கசக்கிறது. ஆனால் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு கீறல் என்று ஆகிவிட்டது. முன் பம்பரின் மூலை, முன் கதவு, பின் சக்கரத்துக்கு மேல். அண்ணன் மதியம் திரும்பிவந்து சாப்பிட்டுத் தூங்கியதும் அண்ணி வெளியே போய் ஒரு சுற்று பார்ப்பாள். அவர் காலையில் பார்க்கிற சுற்றுக்கு முன்னால் இவள் சுற்று. லேசான கீறல் என்றால் அன்றே முடிந்துவிடும். ஆழமானது என்றால் பெயிண்ட் இறுக நாளாகும். அந்த நாட்களில் அவளுக்குத் தலைவலி வரும். "இன்னிக்கு எங்கயும் போகாதீங்க, பக்கத்துலயே இருங்க" என்று படுத்துக்கொள்வாள். அண்ணன் கார் பக்கமே போகாமல் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிடுவார். டீ போடத் தெரியாதவர் டீ போட்டு எடுத்துவருவார். அதைக் குடிக்கிற தண்டனை எனக்கும் உண்டு.

"பாவம்டி மிளகா, உங்க அண்ணிக்கு அடிக்கடி இந்தத் தலைவலி வருது. ஒருவேளை கண்ணுல ஏதும் கோளாறா இருக்குமோ? காட்டணும்" என்பார் என்னிடம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அண்ணி மறைத்தாள். எத்தனை பூசணிக்காய் வந்தாலும் மறைத்தாள். உள்ளூர அவளுக்குத் தன் வேலையில் ஒரு பெருமையும் வந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "எந்த இடம்னு கண்டுபிடி பாப்போம்" என்று என்னிடம் சவால் விடுவாள். குனிந்தும் நிமிர்ந்தும் சாய்ந்தும் பார்ப்பேன். தெரியாது. காலையில் அண்ணன் துணியோடு சுற்றி வந்து, கடைசியில் பானெட்டில் ஒரு தட்டு தட்டி, "வண்டி நேத்து வந்த மாதிரி இருக்கு" என்பார். அண்ணி பார்லர் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால், இந்த ஏமாற்று வேலை நல்ல காரியம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எல்லாக் கீறலும் இடது பக்கம். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாசல் குறுகல், வளைவு மோசம், வயசாகிறது, பராக்குப் பார்க்கிறார் என்று எங்களுக்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. ஆபீஸ் முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம், தெருவில் கூட்டமில்லை. சாலையின் இடது ஓரமாகத்தான் நடந்தேன். பின்னால் கார் வருகிற சத்தம் கேட்டது, எங்கள் கார் சத்தம் எனக்குத் தெரியாதா? நிறுத்தப்போகிறார், ஏறிக்கொள்ளலாம் என்று திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கார் நிற்கவில்லை. விலகவும் இல்லை. என்னை நோக்கியே வந்தது. நான் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். காரின் பக்கக் கண்ணாடி என் கைப்பையைத் தட்டிவிட்டுப் போனது. டப்பாவும் குடையும் சாலையில் சிதறின. கார் அதே வேகத்தில், யாரையும் ஒன்றும் செய்யாதது போல, முக்கில் திரும்பிப் போனது.

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். நேராகப் பார்த்துக்கொண்டு, உதட்டை லேசாகக் குவித்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டு போனார். குடித்த முகமில்லை, தூங்கிய முகமில்லை. நான் அங்கே இருக்கவே இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நடந்தா வந்த? இப்பத்தானே அந்த வழியா வந்தேன். பாத்திருந்தா ஏத்திட்டு வந்திருப்பேனே" என்றார்.

கோபப்படத் தெரிந்த எனக்கு அன்று கோபம் வரவில்லை. முதல்முறையாக அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்லருக்குள் போய் அண்ணியிடம் சொன்னேன். அவள் யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நூலைக் கீழே வைத்துவிட்டாள்.

"கை தவறல அண்ணி" என்றேன். "கண்ணு தெரியல. அந்தப் பக்கம் அவருக்குக் கண்ணு தெரியல."

மறுநாளே கண் டாக்டரிடம் நேரம் வாங்கினோம். தலைவலிக்காக அண்ணிக்குத்தான் காட்டப்போகிறோம், கூடவே அவரும் ஒருமுறை காட்டட்டும் என்று சொல்லி வைத்தோம். வாடகைக்கார் பிடிக்கலாம் என்றேன். சொந்தக் காரை வைத்துக்கொண்டு வாடகைக்காரா என்று முறைத்தார். சண்டை போட்டால் விஷயம் உடைந்துவிடும். அதனால் முன்சீட்டில் இடது பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணா, இடது பக்கம் சைக்கிள்... இடது பக்கம் ஒரு அம்மா... மெதுவா, ஓரத்துல நாய்."

"நீ என்ன கண்டக்டரா? விசில் ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். "நான் ஓட்ட ஆரம்பிச்சப்போ நீ பால் குடிச்சிட்டிருந்த."

அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்து இடது ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் எங்களைவிட வயதில் சின்னப் பெண். நிதானமாகப் பேசினாள். அண்ணியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு, அண்ணனின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் ஏதோ மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். இடது கண்ணுக்குச் சோதனை நடந்தபோது அவர் கை வெகுநேரம் சும்மாவே இருந்தது. "மெஷின் வேல செய்யலையோ?" என்று அவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

பிறகு மூன்று பேரையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது.

"இது திடீர்னு வர்றதில்ல சார். ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் போகும். வலிக்காது. நேராப் பாக்குறது நல்லாவே தெரியும். அதனால நோய் இருக்கிறவங்களுக்கே தெரியாது. வண்டி ஓட்டுறவங்கன்னா வண்டிதான் மொதல்ல காட்டிக் குடுக்கும். ஒரே பக்கமா உரசிட்டே இருக்கும். உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொட்டு மருந்தில் கருவிழி விரிந்து கண் முழுக்கக் கருப்பாக இருந்தது.

"ஒரு கீறல் கெடயாது டாக்டர்" என்றார். "கீழதான் நிக்குது. வேணும்னா வந்து பாருங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதப் போனாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் மடியில் கையை வைத்து, விரல் நுனியில் காய்ந்திருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இருந்துது" என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தினாள்.

"நெறைய இருந்துது. போன கோடையிலேர்ந்து. நான்தான் பெயிண்ட் வச்சு மறச்சேன்."

அண்ணன் சிரித்தார். "சும்மா சொல்றா டாக்டர். என்னைக் காப்பாத்துறதா நெனச்சு ஏதோ..." என்று ஆரம்பித்தவர், எதிலிருந்து காப்பாற்ற என்று அவருக்கே புரியாமல் பாதியில் நிறுத்திவிட்டார்.

"கேட்டுல மூணு நாலு தரம். பெட்ரோல் பங்க் தூண்ல. எதிர்வீட்டுக்காரங்க வண்டியில, அதுக்கு அவங்க கால்ல விழாத கொறையாக் கேட்டுக்கிட்டேன், உங்ககிட்ட சொல்ல வேணாம்னு. எனக்குத் தலவலி வந்த நாளெல்லாம் அதுதாங்க. எனக்குத் தலவலியே கெடயாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்த்தார். இப்படித் திருப்புவதை இத்தனை நாள் நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்? ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் பதிலுக்கு எதையாவது பேசியிருக்கலாம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா நெறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். "போனது திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம். தெனமும் மருந்து விடணும். வண்டி மட்டும் இனிமே வேணாம்." அண்ணியின் காதில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் விழவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஆபீஸில் தினமும் யாரையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை. அத்தனை உரசலிலும் கதவு ஒருமுறைகூட நசுங்கவில்லையே, நம் நல்ல காலம் என்று அண்ணியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தடவை நன்றாக நசுங்கியிருந்தால் அவளால் மறைத்திருக்க முடியாது. என் அண்ணன் சாவியை வீசிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், திட்டியிருப்போம், கெஞ்சியிருப்போம், யாராவது ஒருவர் கண்ணைக் காட்டு என்று சொல்லியிருப்பார்.

கீழே வந்தோம். வாகனம் நிறுத்துமிடத்தில் வெயில் காய்ந்தது. மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் கூசும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கருப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், காரின் இடது பக்கமாகப் போய் நின்றார். நான் வாடகைக்காருக்குப் போன் செய்வதற்காகக் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆனால் எண்ணை அழுத்தாமல் அங்கேயே நின்றேன்.

அவர் குனிந்தார். பக்கத்தில் இருப்பது அவருக்கு அப்போது மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளங்கையை முன் பம்பரில் வைத்து மெதுவாகத் தடவினார். முன் கதவு, பின் கதவு, சக்கரத்துக்கு மேல் வளைவு. பின் கோடி வரை போய்விட்டுத் திரும்பவும் முன்னால் வந்து முதலிலிருந்து தடவினார்.

"எங்க?" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு இடமாக வைத்தாள். "இங்க. இங்க. இதோ, இதுதான் பெருசு. முடிக்க மூணு நாளாச்சு."

"ஒண்ணுமே தெரியலையேம்மா."

"தெரியாதுங்க" என்றாள் அண்ணி. "தெரியாத மாதிரிதான் செஞ்சேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். நானே போய் நடுவில் நின்றிருப்பேன், என்னையும் சேர்த்துத் திட்டட்டும் என்று. அவர் திட்டவில்லை. வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த தகரத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை. பெருசு என்று அவள் சொன்ன இடத்தையே விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார் கடைசியில். "டிப்போவுல இந்த மாதிரி கை வேல செய்ய ஒருத்தன் கெடயாது."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணையாவது எனக்குன்னு விட்டு வச்சிருக்கலாம்" என்றார்.